அரைப் பேன்

நார்வேயின் வடக்கு முனை. நவம்பர்.
பகல் இரண்டு மணிக்கே இருட்டிவிடும் அலுவலகம் எங்களுடையது.
மீன்பண்ணைகளைக் கண்காணிப்பது வேலை.
கூண்டுக்கு இருபது சால்மன் அள்ளி
மயக்கநீர்த் தொட்டியில் விட்டு
செதிலில் ஒட்டிய கடல்பேன்களை எண்ணுவோம்.
சராசரியாக, ஒரு மீனுக்கு அரைப் பேன் வரை
அனுமதி உண்டு.
அரைப் பேனை யாரும் பார்த்ததில்லை.
சட்டம் பார்த்திருக்கிறது.

ஸ்டைனுல்ஃப் இருபத்தாறு வருடம் எண்ணினார்.
பனிக்காற்றிலும் கையுறை போடமாட்டார்,
விரல்தான் தனக்குப் பூதக்கண்ணாடி என்பார்.
ஏழாவது கூண்டு கடைசியில் இருக்கும்,
நடைபாலம் வழுக்கும், ஏணி செங்குத்து.
குன்வோருக்கு முதுகுத்தண்டில் வலி.
அவளுக்குப் பதிலாக அவரே ஏறுவார்,
அவள் பெயரிலேயே எண்ணிக்கையை எழுதுவார்.
எங்களுக்குத் தெரியும்.
தலைமையகத்துக்குத் தெரியாது.

மே மாதம் ஓய்வு பெற்றார்.
கேக் வெட்டினோம்.
கேக்கின் மிச்சம் காய்வதற்குள்
ப்ளோஸ்டிண்ட் சால்மன் கம்பெனியிலிருந்து அழைப்பு:
ஆலோசகர், மூன்று மடங்கு சம்பளம்.

விண்ணப்பங்களைப் பதிவு செய்பவன் நான்.
படிவத்தில் நான்காவது கேள்வி:
பழைய பதவியில் அறிந்த எதுவும்
புதிய பதவியில் பயன்படுமா?
எல்லோரும் 'இல்லை' என்று எழுதுவார்கள்.
அவர் எழுதியிருந்தார்:
'ஆம். எல்லாம்.'

அந்த நேர்மையின் முன்னால்
மூன்று பேர் குழு கொஞ்சம் கூசியது.
அறுபத்திரண்டு வயது, கை ஓயவில்லை,
மகளுக்கு வீட்டுக்கடன்.
போகாதே என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?
நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.
அரைவாயாகச் சொன்னோம்.
ஆறு மாதக் குவாரண்டைன்,
சம்பளம் உண்டு, வேலை கிடையாது.
மீனுக்கு அரைப் பேன்,
மனிதனுக்கு அரை வருடம்.

எதை மறப்பதற்கு ஆறு மாதம் என்று
உத்தரவில் எழுதவில்லை.
வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குமேல் வரும் அறிக்கையில்
முதல் பக்கத்தை மட்டும்தான் படிப்போம் என்பதையா?
'வருந்துகிறோம்' என்று கடிதம் தொடங்கினால்
வழக்குப் போடமாட்டோம் என்பதையா?

கோடை முழுக்கப் படகுக் கொட்டகைக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்.
கூட்டுறவுக் கடையில் பார்த்தால்
நாங்கள் உருளைக்கிழங்கு பொறுக்குவதுபோல் குனிந்துகொள்வோம்.
'பேசலாம் அப்பா, தொற்றாது' என்று சிரித்தார் ஒருமுறை.
எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வேலி பயிரை மேயும் என்பார்கள்.
இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.
வேலி ஓய்வு பெற்றது,
ஆறு மாதம் காத்திருந்தது,
பிறகு ஆட்டோடு வந்து வாசல்மணி அடித்தது.

ஆரஞ்சு நிறக் கம்பெனிச் சட்டை,
கழுத்தில் 'விருந்தினர்' அட்டை.
அவர் நுழைந்ததும் எல்லோரும் எழுந்தோம்.
பழக்கம்.
எழுந்தபின் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

பண்ணையில் மூன்று வாரமாக எல்லை மீறிய எண்ணிக்கை.
மூட உத்தரவிட வேண்டும். அறிக்கை குன்வோருடையது.
கம்பெனி வக்கீல் நாற்பது பக்கம் கொண்டுவந்திருந்தார்,
திறக்கவே இல்லை.
ஸ்டைனுல்ஃப் ஒன்றே ஒன்று கேட்டார்,
அதுவும் மெல்ல,
முன்பு அவள் முதுகைப் பற்றி விசாரிக்கும் அதே குரலில்:
'ஏழாவது கூண்டில் ஏறினாயா, குன்வோர்?'

அவள் காப்பிக் கோப்பையைப் பார்த்தாள்.
நான் நிகழ்ச்சிக் குறிப்பில்
'ஒத்திவைக்கப்பட்டது' என்று தட்டச்சு செய்தேன்.
அவர் விதி எதையும் மீறவில்லை.
அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.
அன்று அவளுக்காக ஏறியதும் அன்புதான்;
அதை எந்தக் குவாரண்டைனில் வைத்திருக்க முடியும்?

எனக்கு இன்னும் பதினான்கு மாதம் சர்வீஸ்.
வக்கீல் போகும்போது என் மேசையில்
ஒரு விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போனார்.
கிழிக்கவில்லை. புத்தக அடையாளமாக வைத்திருக்கிறேன் என்று
மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த அறையின் விளக்கு சுவிட்ச்
கோப்பு அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில்.
புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் தேடுவார்கள்.
கடைசியாக வெளியேறிய ஸ்டைனுல்ஃப்
பேச்சுவாக்கில், திரும்பிப் பாராமல்,
கையை நீட்டி அதை அணைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் உள்ளேதான் இருந்தோம்.